அறுபத்து மூன்றாவது கேள்வி

குண்டுசாலையில் மாடியறை. கீழே முறுக்குக் கம்பிக் கடை.
நூறு கேள்வி, கேள்விக்கு நான்கு வட்டம்,
இருநூற்றுப் பதினாறு தாள்கள்.
ஸ்கேனர் விழுங்கித் துப்புகிறது.
நான் கழிக்கிறேன்:
சரியிலிருந்து, தவறின் மூன்றில் ஒரு பங்கு.

கனகசபாபதி சாருக்கு இது அநியாயமாகப் படுகிறது.
"தெரியாமப் போட்டதுக்குத் தண்டனையாம்மா?"
தண்டனை இல்லை சார், கடன் அடைப்பது.
கண்ணை மூடிக் குத்தினால் நூற்றில் இருபத்தைந்து தானாக விழும்,
குருவி உட்காரப் பனம்பழம் விழுவதுபோல.
மீதி எழுபத்தைந்தில் மூன்றிலொரு பங்கு,
அதுவும் இருபத்தைந்து.
கழித்தால் பூஜ்யம்.
குருவிக்குச் சேர வேண்டியதைக்
குருவிக்கே கொடுத்துவிடுகிறோம்.

பாதி தெரிந்தவர்களை நான் மறக்கவில்லை.
இரண்டை அடித்துவிட்டு
மீதி இரண்டில் சாட் பூட் த்ரீ போட்டவருக்கும்
சராசரியாக மூன்றிலொரு மதிப்பெண் மிஞ்சும்.
அரை அறிவுக்கு மூன்றிலொரு கூலி.
இந்த ஊர் ரேட்டுக்கு மோசமில்லை.

மூன்றாவது கட்டுக்குள் ஒரு தாள், எண் நூற்றெழுபது.
சரி: பூஜ்யம்.
தவறு: நூறு.
கழித்தல் முப்பத்து மூன்று புள்ளி மூன்று மூன்று.
"சுத்த மண்டு" என்றார் சார், தேநீருக்கு எழுந்தபடி.

எனக்குக் கை ஓடவில்லை.
மண்டுவுக்கு இருபத்தைந்தை ஒட்டி விழுந்திருக்க வேண்டும்.
மூன்று லட்சம் கோடிப் பேர் கண்ணை மூடிக் குத்தினால்
ஒருவருக்கு வாய்க்கலாம், இப்படி நூறும் தவறுவது.
கடலூரில் அவ்வளவு பேர் இல்லை.
மாசி மகத்தன்று வெள்ளிக் கடற்கரையில்கூட இல்லை.
எங்கே பள்ளமென்று தெரிந்த வண்டிக்காரர்தான்
ஒன்றுவிடாமல் ஒதுங்கிப் போக முடியும்.

விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் போட்டேன்.
சுகப்பிரியா, சோனங்குப்பம்.
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
"தொண்ணூத்தொம்பதும் தெரியும் மேடம்.
அறுபத்து மூணுதான் தெரியல. அதை மட்டும் குத்தினேன்,
தப்பாகணும் சாமின்னு."

நாலில் மூன்று வாய்ப்பு இருந்ததே உனக்கு?
"இருந்துச்சு. அந்த மிச்சம் ஒண்ணு இருக்குல்ல மேடம்.
ஒண்ணு சரியாப் போனாலும் அப்பா
அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ஆரம்பிச்சுடுவார்."
காலியாக விட்டிருக்கலாம்.
"காலியா விட்டா எழுதவேயில்லன்னு தெரிஞ்சுடும்."

முதல் பத்துப் பேருக்குச் சென்னையில் இரண்டு வருடம்,
விடுதியும் சாப்பாடும் எங்கள் செலவு.
ஏன் வேண்டாம் என்றேன்.
மீன் ஏலக் கணக்கை எழுத வேறு ஆளில்லையாம்.
தம்பிக்கு வீசிங்காம்.
சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்.
நாலாவதைச் சொல்ல வாயெடுத்து
"ஒண்ணுமில்ல" என்றாள்.

நான்கு வட்டம்.
எதைக் கறுப்பாக்குவது?
விட்டுவிட்டேன், காலியாக.

பிறகு வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன்.
அறுபத்து மூன்று: கெடிலம் ஆறு எங்கே உற்பத்தியாகிறது?
அது கடலில் போய்ச் சேரும் பக்கம்தான் அவள் வீடு.

இந்தச் சாலைக்குப் பெயர் வந்த கதை ஊரறியும்.
கோட்டையை விலைபேசிய கும்பெனி
சுற்றிலும் பீரங்கி வெடித்தது;
குண்டு விழுந்த தூரம்வரை கிராமங்கள் அவர்களுக்கு.
எங்கே விழுந்தது என்பதுதான் கணக்கு.
ஒரு பீரங்கிக்காரன்
ஏதோ ஒரு குப்பத்தையாவது விட்டுவைப்போமென்று
மருந்தைக் கைப்பிடி குறைத்துப் போட்டிருந்தால்
அதைக் கைநடுக்கம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நானும் அப்படித்தான் எழுதினேன்,
கடைசி வரிசையில், இரண்டு தசமம் வரை சரியாக.

தாள் நூற்றெழுபத்தொன்று.
சரி: நாற்பத்தாறு.